விடுப்புப் படிவத்தில் எட்டாவது கட்டம்

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் புகழ்ந்து எழுதினால் நம்புவதற்கு ஆள் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் போகட்டும். என் அண்ணியோடு ஒரே வீட்டில், நான் மாடியிலும் அவர் கீழேயுமாக இருபத்து மூன்று வருடம் குடியிருந்தவள் நான். அதே இருபத்து மூன்று வருடமும் அதே பல்கலைக்கழக அலுவலகத்தில், அவர் நாற்காலிக்கு நாலடி பின்னால் என் தட்டச்சு மேஜை. நாங்கள் போடாத சண்டை இல்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தது யார் என்பதில் ஆரம்பித்தால் அண்ணன் கல்யாணத்தில் போய்த்தான் நிற்போம். ஆகவே நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டு படியுங்கள். மீதிப் பாதியே போதும், அவர் யார் என்று தெரிந்துகொள்ள.

அண்ணிக்கு மூன்றாம் எண் ஜன்னலில் வேலை. மாணவர் விடுப்பு அவர் பொறுப்பு. பின்னால் இருக்கிற இரும்பு அலமாரியில் ஊழியர்களின் விடுப்புக் கோப்புகளும் அவர் பொறுப்புதான். முப்பது நாளுக்கு மேல் வகுப்புக்கு வராத மாணவர் அந்த ஜன்னலில் ஒரு மஞ்சள் படிவம் வாங்கி நிரப்பித் தர வேண்டும். அதில் எட்டுக் கட்டங்கள். பெயர், பதிவு எண், துறை, ஆண்டு, முகவரி, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. எட்டாவது, காரணம். மருத்துவர் சான்றிதழைப் பின்னால் குத்த வேண்டும். மாதக் கடைசி வேலை நாளுக்குள் கொடுத்துவிட்டால் படிவம் அங்கிருந்து துறை அலுவலகம், விடுதி, நூலகம் என்று ஏழு மேஜை சுற்றிப் பதிவாளரிடம் போய்ச் சேரும். கொடுக்காவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு நுழைவுத் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அண்ணியிடம் ஒரு முறை உண்டு. படிவம் கைக்கு வந்ததும் எட்டுக் கட்டங்களையும் வரிசையாக வாய்விட்டுப் படிப்பார். மாணவர் தலையாட்ட வேண்டும். தலையாட்டினால்தான் முத்திரை. எண் மாறியது, தேதி தவறியது என்று அவர் ஜன்னலில் இருந்து போன ஒரு படிவம்கூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. குரலோ கேட்கவே வேண்டாம். அலுவலகத்தில் அவருக்கு மைக் என்று பெயர். மின்சாரம் போனாலும் வேலை செய்கிற மைக் என்று நான்தான் அதை நீட்டிவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு மாணவர்களின் மனநலத்துக்காக ஒரு கொள்கை எழுதுவதற்கு நிர்வாகம் பதினோரு பேர் கொண்ட குழு போட்டிருந்தது. சுருக்கெழுத்துக்கு என்னை உட்கார வைத்தார்கள். கொள்கை வருவதற்கு முன்பே ஆலோசனை அறை ஒன்று திறந்தாகிவிட்டது. நல்ல சோபா, வெளிர்பச்சைச் சுவர், ஒரு மீன் தொட்டி. நாலு மாதத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் தேர்வுக் கட்டணம் எங்கே கட்டுவது என்று வழி கேட்க வந்தவர்கள். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று குழு மூன்று கூட்டம் பேசியது. சுவரொட்டி போதவில்லை என்று முடிவுக்கு வந்தது. நானும் அதை அப்படியே தட்டச்சு செய்தேன்.

ஏன் வரவில்லை என்பது ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு எங்கள் ஜன்னலிலேயே தெரிந்துபோனது. வரிசையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். வேதியியல் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி படிவத்தை நாலாக மடித்துக் கொடுத்தாள். அண்ணி பிரித்து நீவி வழக்கம்போலப் படித்தார். பெயர் படித்தார், எண் படித்தார், துறை படித்தார். தேதிகள் படித்தார். அதே குரலில், அதே ராகத்தில், "காரணம், கடுமையான மனச்சோர்வு, மருத்துவ சிகிச்சை" என்றும் படித்தார்.

வரிசையில் பின்னாலிருந்து யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அந்தப் பெண் தலையாட்டவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அண்ணிக்கு அப்போதும் புரியவில்லை. முத்திரை வாங்காமல் போகிறாளே என்று எழுந்து நின்று கூப்பிடவே ஆரம்பித்துவிட்டார். நான்தான் போய் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். என்ன படிச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க அண்ணி என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் முத்திரைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த பையனின் படிவத்தை வாய் திறக்காமல் வாங்கினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று கேட்ட அண்ணனிடம் ஒன்றும் விடாமல் சொன்னார். இருபது வருஷத்துல எத்தனை பேரோட காரணத்தை இப்படிக் கத்தியிருப்பேன் என்று கேட்டார். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மனம் சரியில்லை என்று எழுதிய படிவம் அந்த ஜன்னலுக்கு வந்து பல வருடமாகிவிட்டது. எல்லாம் டைபாய்டு, முதுகுவலி, எலும்பு முறிவு. அந்தப் பெண் உண்மையை எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பெண் திரும்பி வரவில்லை. நாலாம் நாள் அண்ணி அரை நாள் விடுப்புப் போட்டார், என்னையும் போடச் சொன்னார். பதிவேட்டில் முகவரி பார்த்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. அப்பா பேருந்து ஓட்டுநர், இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். மகள் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அண்ணி செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். நான்தான் ஜன்னலில் இருக்கிறவள், உங்கள் பெண்ணின் விஷயத்தை இருபது பேர் காதில் விழும்படி படித்தவள், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று. அப்பா வாயில் வந்ததைக் கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். அண்ணி ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் நான் பார்க்காத காட்சி அது.

பெண் உள்ளறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"உங்க மேல கோபம் இல்ல மேடம். நீங்க இனிமே மெதுவாப் படிப்பீங்க. ஆனா உங்களுக்கு அப்புறம் ஆறு மேஜை இருக்கு. நூலகத்துல என் வகுப்புப் பொண்ணோட அக்கா வேலை செய்றாங்க. விடுதியில சமையல் பிரிவு வரைக்கும் அந்தத் தாள் போகும். அந்தக் கட்டம் இருக்கிற வரைக்கும் நான் அதைக் கொடுக்கமாட்டேன்."

காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடேன், இடம் போனால் என்ன செய்வது என்று அப்பா கெஞ்சினார். அவள் மடித்த படிவத்தை எடுத்து அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினாள். பொய்க் காரணம் தருவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். நான் என்ன தப்பு செஞ்சேன் பொய் எழுத என்று கேட்டாள்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. ஏன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, அண்ணிக்கு மகன் பிறந்த ஆறாம் மாதம். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். குழந்தை அழுதால் கூடவே அழுவார். தலை வாரிவிட்டதும் நான்தான், குழந்தையைக் குளிப்பாட்டியதும் நான்தான். மனநல மருத்துவரிடம் அண்ணன் கூட்டிப்போனார். மாத்திரை, பேச்சு, நாற்பது நாள் ஓய்வு. விடுப்புக் கடிதத்தை நான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் மஞ்சள்காமாலை என்று எழுதினேன். எங்களுக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் பாவம் பார்த்து அதற்குச் சான்றும் தந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மறைத்த பிறகு பட்ட பாடு இருக்கிறதே, அண்ணி வேலைக்குத் திரும்பியதும் ஆளாளுக்குக் கண்ணை இழுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடவிடவில்லை. கணக்குப் பிரிவு அக்கா பலகாரத் தட்டை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைப்பார். அண்ணி அதை நினைத்துச் சிரிப்பதற்கே ஒன்பது வருடம் ஆனது. இந்த உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர், அவர், அண்ணன், நான்.

தையல் கடை மாடியிலிருந்து இறங்கும்போது அண்ணி சொன்னது இவ்வளவுதான், அந்தக் கட்டத்தை எடுக்கணும். நான் சொன்னேன், நீங்கள் யார் அதை எடுக்க, குமாஸ்தா. அவர் சொன்னார், குமாஸ்தா கையிலதானே படிவம் இருக்கு.

பதிவாளரிடம் போனார். அவர் கெட்டவர் இல்லை, விதிப்புத்தகத்தோடு பிறந்தவர், அவ்வளவுதான். படிவத்தை மாற்றக் குழுவுக்குத்தான் அதிகாரம் என்றார். குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது, அந்த மாதத்தின் கடைசி வேலை நாளும் அதுதான் என்றார். அடுத்த மாதம் கண்காணிப்பாளர் பதவிக்குப் பட்டியல் போகிறது, உங்கள் பெயர் முதலில் இருக்கிறது, இப்போது வீண் வம்பு எதற்கு என்றும் அக்கறையாகச் சொன்னார். அண்ணி நன்றி சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஐந்து நிமிடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

வெள்ளி காலை பத்து மணி. நீள மேஜை, பதினோரு பேர், ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பி, நாற்பத்திரண்டு பக்க வரைவு. குழுத் தலைவி உளவியல் பேராசிரியை, நல்ல கூர்மையான அம்மாள். ஆனால் அவரும் இத்தனை நாள் அந்த மஞ்சள் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணி ஒரு கட்டுக் கோப்புகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். பன்னிரண்டு கோப்புகள். மேஜையில் வைத்தார். நின்றபடி முதலில் தான் செய்ததைச் சொன்னார். பெயர் சொல்லாமல், ஒரு மாணவியின் காரணத்தை வரிசைக்கே கேட்கும்படி படித்தேன், அவள் படிவத்தைப் பறித்துக்கொண்டு போனாள், இன்று ஐந்து மணிக்குள் அவள் வராவிட்டால் அவள் பெயரை என் கையால்தான் அடிக்க வேண்டும் என்றார்.

ஒரு பேராசிரியர், இது ஜன்னலில் நடந்த நடத்தைக் குறைபாடு, கொள்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஊழியர்களுக்குப் பயிற்சி வைத்தால் தீர்ந்தது என்றார். அண்ணி கோப்புக் கட்டின் மேல் கையை வைத்தார்.

"சார், இது உங்க பதினோரு பேரோட விடுப்புக் கோப்பு. என் அலமாரியில இருக்கிறது. போன அஞ்சு வருஷத்துல யார் யார் எதுக்கு விடுப்பு எடுத்தீங்கன்னு இதுல இருக்கு. தப்பா ஒண்ணும் இல்ல, எல்லாம் உடம்புக்கு வர்றதுதான். மெதுவா, மரியாதையா, பயிற்சி எடுத்த மாதிரி படிக்கிறேன். படிக்கட்டுமா?"

பயிற்சி கேட்ட பேராசிரியர் தண்ணீர்க் குப்பியைத் திறந்தார். பதிவாளர் இருமினார். அவருடைய மூலநோய் விவகாரம் எனக்கே தெரியும், நான்தான் தட்டச்சு செய்தேன். வேண்டாம்மா என்று தலைவி மெல்லச் சொன்னார்.

அண்ணி ஒரு நாடாவைக்கூட அவிழ்க்கவில்லை. பதினோரு கோப்புகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு அடியிலிருந்து பன்னிரண்டாவதை எடுத்தார். அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது அவருடையது.

"இது என்னோடது, அதனால படிக்கிறேன். காரணம், மஞ்சள்காமாலை. நாற்பது நாள். இது பொய். எனக்குக் காமாலை வரல. குழந்தை பிறந்த அப்புறம் மனசு விழுந்துபோச்சு. மருந்து சாப்பிட்டேன், எழுந்தேன், இதோ நிக்கிறேன். இந்தக் கட்டத்துல உண்மையை எழுதப் பயந்துட்டுப் பொய் எழுதினேன். பொய் எழுதின எனக்கு வேலை இருக்கு. உண்மையை எழுதின பொண்ணுக்கு இன்னிக்கு இடம் போகப்போகுது."

என் பேனா நின்றுவிட்டது. கடிதம் என் கையெழுத்து. ஆனால் எனக்காக நான் பயப்படவில்லை, சத்தியமாக. பத்தொன்பது வருடம் காத்து வைத்ததை இந்தப் பெண்மணி பதினோரு பேர் முன்னால் கொட்டிவிட்டாரே என்று கை ஓடவில்லை. பதிவாளர் என் பக்கம் திரும்பி, கடைசியில் சொன்னது பதிவில் வர வேண்டாம் என்றார். அண்ணியைக் காப்பாற்றத்தான் சொன்னார், அதை நான் மறுக்கமாட்டேன். குறிப்பில் ஏறினால் அது ஒப்புதல் வாக்குமூலம். பதவிப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

அண்ணி என்னைப் பார்த்தார். "எழுதிக்கோ. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, இந்தக் கட்டத்தை ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா கோப்புல பதில் இருக்கணும். பதில் இல்லாத மாற்றத்தை மறு வருஷமே திருப்பிப் போட்டுடுவாங்க சார், நம்ம அலுவலகம் தெரியாதா."

பதிவாளருக்குத் தெரியும். அவரே அப்படிப் பலவற்றைத் திருப்பிப் போட்டவர். நான் எழுதினேன். ஒரு சொல் விடாமல் எழுதினேன். கண் கலங்கியதால் இரண்டு வரி கோணலாகப் போனது.

அதற்குப் பிறகு தலைவி நாற்பத்திரண்டு பக்கத்தையும் மூடி ஓரமாக வைத்தார். மற்றதெல்லாம் அடுத்த கூட்டத்துக்கு, இது இன்றைக்கு என்றார். பதினொன்றே முக்காலுக்குத் தீர்மானம் ஆனது. விடுப்புப் படிவத்தில் காரணம் கேட்கக் கூடாது. சான்றிதழ் ஒட்டிய உறையில் பல்கலைக்கழக மருத்துவருக்கு மட்டும் போகும். பிரிப்பது அவர், வைத்திருப்பது அவர். விடுப்பு ஏற்கலாம் என்ற ஒரே வரிச் சீட்டு மட்டும் அவரிடமிருந்து திரும்பி வரும். மற்ற மேஜைகளுக்குத் தேதி தெரிந்தால் போதும். பயிற்சி கேட்ட பேராசிரியரும் கை தூக்கினார். பதிவாளர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

புதிய படிவத்தை ஒரு மணிக்குள் தட்டச்சு செய்தேன். ஏழு கட்டம். மைக் ஓட்டமும் நடையுமாக ஆட்டோ பிடித்துத் தையல் கடை மாடிக்குப் போனார். நான் ஜன்னலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. நாலு இருபதுக்கு ஓட்டுநர் அப்பா முன்னால் வர, பின்னால் அண்ணி, நடுவில் அந்தப் பெண். வரிசையில் நின்றுதான் வந்தாள். படிவத்தை மடிக்காமல் நீட்டினாள், உறையையும் நீட்டினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. விரலால் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினேன், அவள் தலையாட்டினாள். அண்ணி சுற்றி உள்ளே வந்து முத்திரை வைத்தார். பெயரை அடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அலுவலக உலகம் அப்படியே இனித்துவிடவில்லை. அடுத்த மாதம் அண்ணிக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது, பணிப்பதிவேட்டில் ஏறியது. அந்தப் பழைய விடுப்புக் கடிதத்தை எழுதியது நான் என்று நானும் எழுதிக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று வந்தது. கண்காணிப்பாளர் பதவி அவரைவிட ஆறு வருடம் இளையவருக்குப் போனது. அண்ணனுக்கு அதில் கோபம். எனக்கு அதைவிடக் கோபம், இன்னும் தீரவில்லை. அண்ணி மட்டும் மூன்றாம் ஜன்னலிலேயே உட்கார்ந்து, புதியவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். கணக்குப் பிரிவு அக்கா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்ததைக் கொண்டுவந்து அண்ணி மேஜையில் வைத்துவிட்டு, ஆறு மாசம் பட்டினி போட்டேனே பாவி என்று அழுதார்.

அந்தப் பருவத்தில் முப்பத்தொரு உறைகள் வந்தன. எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குக் கொஞ்ச நாள் பழக வேண்டியிருந்தது. மீன் தொட்டி அறைக்கும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள் என்று தலைவி சொன்னார். அந்தக் கொள்கை முழுசாக வெளிவந்தபோது நூற்றுப் பத்துப் பக்கம். அதில் மாணவர்கள் படித்த பக்கம் எங்கள் ஏழு கட்டப் பக்கம் ஒன்றுதான் என்று நான் சொன்னால் அண்ணி அடிக்க வருவார். ஆனால் உண்மை அதுதான்.

இரண்டரை வருடம் கழித்துப் பட்டம் பெறுவோர் பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. வேதியியலில் முதல் வகுப்பில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. மற்றவர்களைவிட அரை வருடம் தாமதம் ஏன் என்று எந்தத் தாளிலும் இல்லை. எங்கள் அலுவலகத்தின் எல்லா அலமாரிகளையும் குடைந்து பார்த்தாலும், மனம் விழுந்தது என்ற காரணத்தோடு அந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு பெயர்தான் கிடைக்கும். அது என் அண்ணியின் பெயர்.